ஐந்து வயது வரை வீட்டுப் பள்ளி: நவராத்திரி மாதத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

ஒக்டோபர் மாதத்துக்கென்று முன்பள்ளிப் பயிற்சித்தாள் தேடினால் இணையத்தில் பூசணிக்காயும் மேப்பிள் இலையும்தான் வந்து விழும். வெள்ளவத்தையில் ஒக்டோபர் என்றால் பின்னேர மழை, நவராத்திரிக் கும்பம், தீபாவளிப் பலகாரம். உதிர்ந்த இலைதான் வேண்டுமென்றால் கொட்டம்பா மரத்தடியில் சிவந்து கிடக்கிறது. அவற்றைப் பொறுக்கிச் சிறிது பெரிதாக அடுக்கச் சொன்னால் காலைப்பொழுது போய்விடும். நவதானியம் முளைப்பதைப் பார்க்க விடலாம், விளக்குகளை எண்ண விடலாம். பிள்ளையை வீட்டிலேயே பழக்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடையாது.

பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்பாதிருப்பது சட்டப்படி பிழையா என்று கேட்பவர்கள் உண்டு. பிழையில்லை. இலங்கையின் 1997ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையே கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் மேல் எல்லை 16 ஆனது, கீழ் எல்லை மாறவில்லை. ஐந்துக்குப் பிறகும் வீட்டிலேயே தொடர நினைத்தால் கதை வேறு. வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறாமல் அதில் இறங்க வேண்டாம்.

அரச பாடசாலையில் தரம் 1இல் சேர, அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பமோ முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். முன்பள்ளிச் சான்றிதழுக்கு அங்கே புள்ளி இல்லை, வசிப்பிடத்துக்கு உண்டு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: வாடகை வாய்ப்பேச்சோடு நிற்கும், வாக்காளர் பதிவு ஊரிலேயே கிடக்கும். வசிப்பிட அடிப்படையில் கேட்பவர்களிடம் முந்திய ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்பு பார்க்கப்படுவதால், பிள்ளை பிறக்குமுன்பே கிராம உத்தியோகத்தரைப் பார்த்துவிடுவது புத்தி. அனுமதிக்குப் பணம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழைக்கலாம்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கிய மறுநாளே கொப்பியும் பென்சிலுமாக உட்கார வைப்பது நம்மவர் அவசரம். அரிசியில் ‘அ’ எழுதிய விரல் இன்னும் கொஞ்சக் காலம் மண்ணிலும் மாவிலும் அளையட்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. எழுதப் பழக்க வரும் ஆசிரியர் அடித்தாலோ தகாத முறையில் நடந்தாலோ, 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழையுங்கள். குடும்ப மானம் என்று மூடி வைப்பதால் அடிபட்ட பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஆபத்து பெரும்பாலும் பட்டாசில் மட்டும் இருப்பதாக நினைக்கிறோம். பூசைத் தட்டிலும் இருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலைச் சுண்டல் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது, மசித்துத்தான் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்க்கக் கொடுத்த பயறு மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊதிவிடும். வீட்டில் கிளறாமல் வைத்தியரிடம் போங்கள். ஒலிந்த விளையாட்டுக்குப் பயன்படும் குன்றிமணி பார்க்க அழகு, கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. அதைச் சிறுபிள்ளையின் கைக்கே கொடுக்கக்கூடாது. கொடுத்துவிட்டு, கவனித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்வதில் பயனில்லை.

இவற்றைவிட நான் அஞ்சுவது கொலுப்படிக்கு வாங்கும் மினுக்கு விளக்குகளுக்குள் இருக்கும் வட்டப் பற்றரியை. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடியது. பிள்ளை அழாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பாடு கொடுக்க வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் கட்டணமில்லை. பொரளையில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. நஞ்சு பற்றிய சந்தேகமென்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் உண்டு. வாங்கும்போதே பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மத்தாப்பின் நுனி ஏறத்தாழ ஆயிரம் பாகை செல்சியஸ் வரை சூடேறும். அணைந்த கம்பியை மண் வாளியில் போடுங்கள். தொடர்மாடி பல்கனியில் கொளுத்தவே வேண்டாம். சுட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசையோ எண்ணெயோ அல்ல. தீ பரவினால் 110.

பழுதான விளக்கையோ விளையாட்டுப் பொருளையோ விற்ற கடை மாற்றித்தர மறுத்தால், பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு வாங்கியதைத் தைப்பொங்கல் கழித்து நினைத்துப் பார்த்தால் காலம் கடந்திருக்கக்கூடும்.