இளைப்புக்கு ஆக்சிஜன்: எவ்வளவு போதும்?

பிசான அறுவடைக் காலத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து மூச்சுத்திணறலோடு வருவோரின் உறவினர்கள் எங்களிடம் கேட்பது, "ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்பதுதான். 2021-இல் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் சென்றதைக் கண்ட மாவட்டம் இது, கேள்வியில் வியப்பில்லை.

ஆனால் கொரோனாவில் பெரிதும் பழுதுபட்டவை நுரையீரலின் காற்றறைகள். ஆஸ்துமாவில் சுருங்குபவை மூச்சுக்குழாய்கள். அவற்றை ஆக்சிஜன் விரிப்பதில்லை. விரிப்பது சால்பூட்டமால், வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதுவரை உடலைத் தாங்கிப் பிடிப்பதே ஆக்சிஜனின் பணி.

அதற்கும் அளவு உண்டு. விரலில் மாட்டும் கருவி 93 முதல் 95 விழுக்காடு காட்டினால் பெரியவர்களுக்குப் போதும். நியூசிலாந்தில் 106 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், நிமிடத்துக்கு 8 லிட்டர் பெற்றவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு உடலில் கரியமில வாயு குறிப்பிடத்தக்க அளவு கூடியது. அளந்து பெற்றவர்களுள் 19 விழுக்காட்டினருக்கே கூடியது. ஆகவே, 99 காட்டும்போது நாங்கள் ஆக்சிஜனைக் குறைத்தால், கைவிட்டுவிட்டோம் என்று அஞ்ச வேண்டாம்.

எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாவிட்டாலோ, இளைப்புச் சத்தம் அடங்கி நோயாளி துவண்டு கண்ணயர்ந்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள். "சத்தம் நின்றுவிட்டது, தூங்கட்டும்" என்று உறவினர் விட்டுவிடுவதுதான் எங்களை மிகவும் கலங்கவைப்பது. வீட்டில் இப்படி நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாகச் சால்பூட்டமால் இன்ஹேலரை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 4 முதல் 10 அழுத்தல்கள் வரை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.