பஷ்மினா ஆடு: ரோமம் சீவும் பருவம்

லடாக்கின் சாங்தாங் பகுதியில் வளர்க்கப்படும் பஷ்மினா ஆட்டுக்கு இருவகை மயிர்க்கால்கள் உண்டு. ஒன்றில் முரட்டு மயிரும், மற்றதில் 12 முதல் 15 மைக்ரான் தடிமனுள்ள மென்ரோமமும் வளரும். விலை பின்னதற்கே.

கோடைக்குப்பின் பகற்பொழுது குறையக் குறைய, உடலில் மெலடோனின் சுரப்பு கூடி மென்ரோமம் வளர்கிறது. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று, வசந்தத்தில் உதிர்கிறது. ‘வளர்ந்தது போதும்’ என மயிர்க்காலுக்கு உணர்த்தும் மரபணுக்களுள் எஃப்.ஜி.எஃப்.5 முக்கியமானது. சீனாவில் இதைச் செயலிழக்கச் செய்த ஆடுகளில் ரோமம் நீளமாக வளர்ந்தது.

வளர்ச்சி நின்றபின் தீவனத்தைக் கூட்டினால் ரோமம் நீளாது. மென்ரோமக் கால்கள் உருவாவது கருவிலும் குட்டிப்பருவத்திலுமே. ஆகவே சினையாட்டுக்கும் குட்டிக்கும் தீவனம் குறையக்கூடாது.

ரோமம் தளர்ந்ததும் சீப்பால் சீவி எடுக்க வேண்டும். முந்தினால் ஆட்டுக்கு வலியும் குளிரும். பிந்தினால் ரோமம் மேய்ச்சல் நிலத்தில் உதிர்ந்து வீணாகும்.