பொருளாதாரப் பாடத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பிள்ளையோ பெண்ணோ பி.ஏ. வகுப்பில் பொருளாதார சாஸ்திரத்தை எடுத்துக் கொள்ளப் போவதாகச் சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படித்து முடித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. மூன்று வருஷ காலம் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? அரிசி விலை ஏன் ஏறுகிறது, களஞ்சியம் நிறைந்திருக்கும் ஊரிலேயே ஒருவன் ஏன் பட்டினி கிடக்கிறான், பாங்கு ஏன் முறிகிறது என்பனவற்றை விளங்கிக் கொள்ளும் சக்தி அவனுக்கு உண்டாகுமா? அல்லது நான்கு கோடுகளை வரைந்து அவை சந்திக்கும் இடத்தைக் காட்டுவதோடு அவன் வித்தை முடிந்துவிடுமா?

பாடத்திட்டம் என்பது சர்வகலாசாலைச் சபையில் சில பெரியவர்கள் கூடித் தீர்மானிக்கும் விஷயம், நமக்கு அதில் வேலையில்லை என்று நாம் பேசாமல் இருந்து விடுகிறோம். மேல்நாடுகளிலே மாணவர்கள் அப்படி இருக்கவில்லை.

2008-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் எலிஸபெத் ராணியார் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு விஜயம் செய்தார். பெரிய பெரிய பாங்குகள் ஆட்டம் கண்டிருந்த சமயம் அது. இத்தனை பெரிய விபத்து வருவதை ஒருவரும் ஏன் கவனிக்கவில்லை என்று ராணியார் அங்கிருந்த அறிஞர்களைக் கேட்டார். மிகச் சாதாரணமான கேள்வி. ஆனால் பிரிட்டிஷ் அகாடமியைச் சேர்ந்த அறிஞர்கள் கூடி யோசித்துக் கடித மூலமாகப் பதில் எழுதுவதற்கு அடுத்த வருஷம் ஜூலை மாதம் ஆகிவிட்டது!

ராணியாருக்குத் தோன்றிய சந்தேகம் மாணவர்களுக்கும் தோன்றியது. 2011-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சுமார் 70 மாணவர்கள் முதல் வருஷப் பொருளாதார வகுப்பிலிருந்து எழுந்து வெளியேறினார்கள். மறு வருஷம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சர்வகலாசாலை மாணவர்கள் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு முகவுரை எழுதியவர் இங்கிலாந்து பாங்கின் பெரிய அதிகாரிகளில் ஒருவரான ஆண்ட்ரூ ஹால்டேன். அதே வருஷம் மே மாதத்தில் சுமார் 30 தேசங்களைச் சேர்ந்த 65 மாணவர் சங்கங்கள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டன. பிரான்ஸ் தேசத்து மாணவர்களோ 2000-ம் வருஷத்திலேயே இதற்கு வழிகாட்டி விட்டார்கள்.

இவர்களுடைய குறைதான் என்ன? கணக்குப் பாடம் கஷ்டமாயிருக்கிறது என்று அவர்கள் முறையிடவில்லை. பல கொள்கைகளுள் ஒரே கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதுவே சாஸ்திரம் முழுவதும் என்பதுபோல் போதிக்கிறார்கள் என்பது முதல் குறை. பொருளாதாரச் சரித்திரம் பாடத்திலிருந்து நழுவிப் போய்விட்டது என்பது இரண்டாவது குறை. வெளியே உலகம் தலைகீழாய்ப் புரண்டு கொண்டிருக்க, வகுப்பிற்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது மூன்றாவது.

மார்ஷல் கண்ட வழி

பொருளாதாரத்துக்கு எப்போதுமே தனிப் பட்டம் இருந்ததில்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் அது வெகுகாலம் தர்ம சாஸ்திரத்துக்கும் சரித்திரத்துக்கும் நடுவே ஒண்டுக் குடித்தனம் செய்து வந்தது. பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷல் பல வருஷம் போராடி, 1903-ம் வருஷத்தில் அதற்குத் தனிப் பரீட்சை ஏற்படுத்தினார். மார்ஷல் கணித மேதை. கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறியவர். அப்படிப்பட்டவர் சொன்ன யோசனையைப் பாருங்கள்: கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் உபயோகியுங்கள், கண்ட முடிவைச் சாதாரண பாஷையில் எழுதுங்கள், வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டுங்கள், பிறகு கணிதத்தைக் கொளுத்தி விடுங்கள்! உதாரணம் அகப்படாவிட்டால் எழுதியதையும் கொளுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் பாடத்திட்டம் வகுத்தவர்கள் கணிதத்தை வைத்துக்கொண்டு உதாரணத்தைக் கொளுத்தி விட்டார்களோ என்று நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் நடந்தது

இந்தச் சச்சரவு நமக்குப் புதிதன்று. 1892-ம் வருஷத்தில் மகாதேவ கோவிந்த ரானடே பூனா டெக்கான் கல்லூரியில் நிகழ்த்திய பிரசங்கத்தில், இங்கிலாந்தில் செய்த கொள்கைகள் எல்லா தேசத்துக்கும் அப்படியே பொருந்தா என்று எடுத்துக் காட்டினார். தாதாபாய் நௌரோஜி 1901-ல் வெளியிட்ட நூலில் இந்தியாவின் வறுமைக்குக் கணக்குக் காட்டினார். ரொமேஷ் சந்திர தத்தர் பொருளாதாரச் சரித்திரம் எழுதினார். நம் தேசத்தின் ஏழ்மையை அன்றையப் பாடப் புத்தகம் விளக்கவில்லை. பாடத்துக்கு வெளியே நின்றவர்கள்தான் விளக்கினார்கள்.

1915-ம் வருஷத்தில் சென்னை சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் ஒரு நல்ல காரியம் செய்தார். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தங்கள் சொந்தக் கிராமங்களைப் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் மாணவர்கள் விசாரித்தார்கள். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய ஊர்களின் கதை இப்படித்தான் 1918-ல் புத்தகமாயிற்று. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் எழுதினார்கள். அதற்குப் பின்னும் அறிஞர்கள் அந்த ஊர்களுக்குப் போய்க் கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்த விடுமுறை வேலை, தேசத்துக்கே அரிய ஆஸ்தியாகிவிட்டது.

தஞ்சையில் பிறந்து, அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துத் திரும்பிய ஜே. சி. குமரப்பாவும் இவ்வழியே சென்றார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு மாதர் தாலூகாவில் 50-க்கு மேற்பட்ட கிராமங்களைச் சுற்றி வந்து, 1931-ல் அறிக்கை வெளியிட்டார்.

கணிதம் வேண்டாமா?

இதனால் கணிதமே கூடாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தானியம் இல்லாததால் வந்த பஞ்சம் என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அமர்த்தியா ஸென் 1981-ல் வெளியிட்ட நூலில் புள்ளி விவரங்களை வரிசைப்படுத்தி, பஞ்சமில்லாத 1941-ஐக் காட்டிலும் 1943-ல் கிடைத்த தானியம் குறைவில்லை என்று காட்டினார். விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. விவசாயக் கூலியாட்களிடம் வாங்கும் சக்தி இல்லை என்பதுதான் அவர் கண்ட விடை. கணக்குத் தெரியாதவருக்கு இது தோன்றியிராது. கணக்கு மட்டும் தெரிந்து, வங்காளத்துச் சரித்திரம் தெரியாதவருக்கும் தோன்றியிராது. இரண்டும் சேர்ந்தால்தான் சாஸ்திரம்.

டில்லி சர்வகலாசாலையில் பொருளாதார ஹானர்ஸ் வகுப்பில் சேரப் பள்ளிக்கூடத்திலேயே கணிதம் படித்திருக்க வேண்டும். தமிழ் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அந்த நிபந்தனை இல்லை. நிபந்தனை வைத்தால், கணிதம் எடுக்காத ஏழைப் பிள்ளைக்குக் கதவு அடைபடுகிறது. வைக்காவிட்டால், மேல் படிப்புக்குப் போகும்போது அவனே திண்டாடுகிறான். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வந்தவனுக்கு முதல் வருஷத்திலேயே வேண்டிய கணிதத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதே நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.

விட வேண்டியது எது?

புதிய பாடத்தைச் சேர்க்க எல்லோரும் தயார். பழையதை எடுக்கத்தான் ஆள் இல்லை! டில்லியில் 2013-ல் நான்கு வருஷப் பட்டம் கொண்டு வந்தார்கள், 2014-ல் கைவிட்டார்கள், 2022-ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். வருஷம் கூடினால் மட்டும் படிப்பு கூடிவிடாது. ஒரே கொள்கையை முதல் வருஷம் படமாகவும், இரண்டாம் வருஷம் சமன்பாடாகவும், மூன்றாம் வருஷம் பெரிய சமன்பாடாகவும் திருப்பித் திருப்பிச் சொல்வதைக் குறைத்தாலே வேண்டிய அவகாசம் கிடைத்துவிடும்.

இது நடக்கக்கூடிய காரியமே. பல நாட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து 2013-ல் 'கோர்' என்ற முயற்சியைத் தொடங்கி, இணையத்தில் இலவசமாகப் படிக்கத்தக்க ஒரு பாடப் புத்தகம் தயாரித்தார்கள். அதன் முதல் அத்தியாயம், 14-வது நூற்றாண்டில் வங்காளத்தின் செழிப்பைக் கண்டு வியந்த இப்ன் பதூதாவைக் கொண்டு ஆரம்பமாகிறது. சில தேசங்கள் செல்வம் பெற்றதும் சில பின்தங்கியதும் ஏன் என்ற கேள்வியை முதலில் எழுப்பிவிட்டு, கோடுகளும் சமன்பாடுகளும் பிறகு வருகின்றன.

நம் கல்லூரிகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: பொருளாதாரப் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் கணிதமும் புள்ளி விவரமும் வேண்டிய அளவு கற்கட்டும்; இந்தியாவின் பொருளாதாரச் சரித்திரத்தைக் கட்டாயமாகப் படிக்கட்டும்; ஒரு கிராமத்தையோ கடைத்தெருவையோ நேரில் விசாரித்து, கண்டதை நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கட்டுரைக்கும் பரீட்சையில் மார்க்கு உண்டு என்று சட்டம் செய்துவிட்டால், மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக் கொள்வார்கள்.