மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி

லிட்டில் அந்தமான் தீவின் துறையாகிய ஹட் பேயில் கப்பல் வந்து நின்றால், அரிசி பருப்போடு மருந்துப் பெட்டிகளும் இறங்குகின்றன. அப்பெட்டிகளில் உள்ள ஊசி மருந்துப் புட்டிகளின் வாயைச் சிறியதொரு ரப்பர் மூடி அடைத்திருக்கிறது. மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்க்கும் நாம், அம்மூடியைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மருந்து மாதக்கணக்கில் அதனோடுதான் கூடி வாழ்கிறது.

ரப்பர் என்பது தனிப்பொருள் அன்று. நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்ததை நாம் அறிவோம். மரத்திலிருந்து வடியும் அந்தப் பால் அப்படியே மூடியாகிவிடாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். இன்று கந்தகத்துடன் துத்தநாக ஆக்ஸைடு, வினையை விரைவுபடுத்தும் பொருள்கள், கெடாமற் காக்கும் பொருள்கள் ஆகியவையும் சேர்வதுண்டு. இவற்றுள் ரப்பரோடு பிணையாமல் எஞ்சுபவை மெல்லக் கசிந்து மருந்தில் கலக்கக்கூடும். வெப்பம் மிகுந்தால் கசிவும் விரையும். மருந்தைக் காக்கச் சேர்த்த பொருளை ரப்பர் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

இது வெறும் ஐயம் அன்று. மெர்காப்டோபென்சோதயசோல் என்னும் பொருள் ரப்பர் மூடிகளிலிருந்து ஊசி மருந்துகளில் இறங்கியிருந்ததை 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 1998க்குப் பின், சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் ஊற அளிக்கப்படும் எரித்ரோபொயட்டின் மருந்தின் ஒரு வகையால் சிலருக்குச் செவ்வணு உற்பத்தியே நின்றுபோயிற்று. மருந்தின் சேர்மானம் மாறியதும், ஊசிக்குழலின் பூச்சற்ற ரப்பரிலிருந்து கசிந்த பொருள்களும் காரணமாகலாம் என ஆய்வாளர் சிலர் கருதினர். வேறு காரணங்களும் ஆராயப்பட்டன. பின்னர் அந்த ரப்பருக்கு மேற்பூச்சு இடப்பட்டது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. கசிவு குறைந்த பியூட்டைல் இன ரப்பர்களும், ஃபுளூரின் கலந்த மெல்லிய பூச்சும் இன்று பயன்படுகின்றன. மூடியைக் கரைப்பான்களில் இட்டுச் சூடாக்கி, வெளிப்படுவன யாவை என்றும், அவற்றுள் மருந்தில் எவ்வளவு சேர்கிறது என்றும் அளந்து பார்க்கின்றனர்.

தொழிற்சாலையில் செய்த இக்காவலை வழியிலும் வீட்டிலும் நாம் குலைத்துவிடலாகாது. வெயிலும் புழுக்கமும் மிகுந்த தீவில், கப்பலிலிருந்து இறங்கிய மருந்துப் பெட்டியைத் துறையில் வெயிலிற் கிடத்தலாகாது. பெட்டியில் குறித்துள்ள வெப்பநிலையிலேயே மருந்தை வைத்தல் வேண்டும். இன்சுலினை உறையவும் விடலாகாது. தெளிவாயிருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, அதில் ரப்பர்த் துணுக்கு மிதந்தாலோ, அதனைச் செலுத்தாமல் மருத்துவரிடம் காட்டுக. மூடியை அஞ்சி ஊசியையே மறுப்பது பேதைமை. அடுத்த கப்பல் வரும்வரை கைம்மருந்தே துணையாகிய ஊரில், அதனைச் செவ்வனே பேணுவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.