கொக்கி முன்னே, கதிர் பின்னே

புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்வதற்கே நம்மவர் அஞ்சுகின்றனர். மும்பை பரேலில் 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவ்வாறு வரும் உறவினர் நம் இல்லங்களில் தங்கும்போது, "உடம்புக்குள் கதிர் மருந்து செலுத்துவார்களாமே, அது நல்ல உறுப்புகளையும் எரித்துவிடாதா?" என்று வினவுவதுண்டு. நியாயமான கேள்வியே. விஞ்ஞானிகளும் பல்லாண்டுகளாக இதற்கே விடை தேடி வருகின்றனர்.

தைராய்டு சுரப்பியின் நிலை வேறு. அச்சுரப்பி அயோடினைத் தானே கவர்ந்து கொள்ளும். ஆகவே கதிரியக்க அயோடின் 131 உட்கொள்ளப்பட்டால், பெரும்பகுதி தேவையான இடத்தையே அடைகிறது. மற்றப் புற்றுகளுக்கு இத்தகைய இயற்கைக் கவர்ச்சி இல்லை. அவற்றைத் தேடிப் பற்றும் தூதுவன் ஒருவன் தேவைப்பட்டான்.

அத்தூதுவனே எதிர்ப்பொருள். குறிப்பிட்ட ஓர் அடையாளத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் கண்டனர். 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். புற்றணுவின் மேலுள்ள அடையாளத்தைப் பற்றும் எதிர்ப்பொருளோடு கதிர்த்தனிமத்தைப் பிணைத்து அனுப்பும் சிகிச்சையும் பிறந்தது. இட்ரியம் 90 பிணைத்த அத்தகைய மருந்தொன்றுக்கு, ஒருவகை நிணநீர்ப் புற்றுக்காக, 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஆயினும் ஓர் இடர் நின்றது. எதிர்ப்பொருள் உருவில் பெரியது. இரத்தத்தில் பல நாட்கள் சுற்றியே இலக்கை அடைவது. அந்நாட்களெல்லாம் அது சுமக்கும் கதிர், இரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. மஜ்ஜையைக் காக்க அளவைக் குறைத்தாலோ, கட்டியான புற்றுகள் தப்பிவிடுகின்றன.

இரயில்வே அலுவலில் இருக்கும் நமக்கு இதன் தீர்வு எளிதில் விளங்கும். நிலையந்தோறும் நின்று செல்லும் கூட்ஸ் வண்டியில் வெடிமருந்தை ஏற்றி நாட்கணக்கில் ஊர்வழியே அலைய விடுவார் எவருமிலர். வெறும் கொக்கியை அதில் அனுப்பி, அது சேரிடத்தில் இறங்கிய பின், வெடிமருந்தை எக்ஸ்பிரஸில் அனுப்புவதே அறிவுடைமை. இதுவே 'முன்னிலக்கு' முறை. முதல்நாள் கதிரற்ற எதிர்ப்பொருள் மட்டும் செலுத்தப்படும். அது புற்றில் படிந்து, இரத்தத்திலிருந்து குறைந்த பின், சில நாட்கள் கழித்துக் கதிரைத் தாங்கிய மிகச் சிறிய மூலக்கூறு செலுத்தப்படும். கொக்கியில் மாட்டியது புற்றில் தங்கும். மாட்டாதது விரைவிலேயே சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடும்.

கொக்கிகள் பலவகை. முட்டை வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம், பயோட்டின் என்னும் வைட்டமினை விடாப்பிடியாகப் பற்றும். அதையொத்து நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் ஸ்ட்ரெப்டவிடினும் பயன்பட்டது. ஆனால் உடல் அதை அந்நியனாகக் கண்டு எதிர்த்தது. ஒரு கையால் புற்றையும் மறுகையால் கதிர்த்தூதையும் பற்றும் இருகை எதிர்ப்பொருள் மற்றொரு வழி. உயிருடலினுள் தம்முள் மட்டுமே இணையும் இரசாயன ஜோடிகள் இன்னொன்று. இத்துறைக்கு வழி வகுத்த பெர்டோசி அம்மையார் 2022இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

படம் எடுப்பதற்கும் இம்முறை உதவுகிறது. புளோரின் 18இன் அரை ஆயுள் 110 நிமிடம். காலியம் 68க்கு 68 நிமிடமே. எதிர்ப்பொருளோடு பல நாட்கள் அலைய இவற்றுக்கு ஆயுள் ஏது? கொக்கி முன்னரே காத்திருந்தால், இக்குறுகிய ஆயுளே போதும். சரக்கு உரிய இடம் சேர்கிறதா என்பதைப் படத்தில் பார்த்த பின்னரே மருத்துவர் சிகிச்சைக் கதிரைச் செலுத்தலாம்.

இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது என்பதை அன்பர்கள் மறத்தலாகாது. 2006இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒருவகைத் தைராய்டுப் புற்றில் நம்பிக்கையூட்டும் பலனை வெளியிட்டனர். எனினும் இது எங்கும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. "அற்புத அணுமருந்து" என்று எவரேனும் பணம் கேட்டால் நம்ப வேண்டா. நாளை வரப்போகும் மருந்துக்காக இன்று கையிலுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டா.

பயணச் செலவுக்கு அஞ்சியும் நாள் கடத்த வேண்டா. உரிய மருத்துவமனைச் சான்றிதழுடன் சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் இரயில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. நோயை மறைப்பதால் அது வளருமேயன்றி மறையாது. காலத்தே மருத்துவரிடம் செல்வோம். நம்மவரையும் செல்லச் செய்வோம்.