'வேர்' இல்லாத ஒரு வரி... மொத்த ஆபீஸுக்கும் மெயில் கட்!

ஆபீஸ்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போறாங்க. "அவங்க மெயில் ஐடியை நிறுத்திடுங்க"னு ஹெச்.ஆர் சொல்றாங்க. ஐ.டி டீமுக்கு அது அரை நிமிஷ வேலை, ஒரே ஒரு வரி. ஆனா, அந்த வரியில ஒரு துண்டு விட்டுப்போச்சுன்னா, எம்.டி உட்பட அத்தனை பேருக்கும் மெயில் நின்னுடும்!

அது எப்படி?

டேபிளுக்குள் இருக்கும் முகவரி

சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் பல நிறுவனங்களில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கும். வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ். பாஸ்வேர்டைச் சரிபார்த்து இன்பாக்ஸைத் திறந்துவிடுவது டவ்காட். 'இந்த முகவரியில் ஆள் இருக்காரா?' என்று இரண்டுமே மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸைக் கேட்கும்படி அமைக்கலாம். அப்போது ஒரு ஊழியர் என்பது டேபிளில் ஒரு வரிசை, அவ்வளவுதான்.

அந்த வரிசையை நிறுத்தும் கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அப்டேட் மெயில்பாக்ஸ் செட் ஆக்டிவ் = 0 வேர் யூசர்நேம் = 'அவரது முகவரி';

'வேர்' என்பது 'யாருக்கு மட்டும்' என்ற நிபந்தனை. அதை விட்டுவிட்டால் எல்லா வரிசைக்கும் 0 விழுந்துவிடும். பழைய மெயில்கள் பெரும்பாலும் தனி ஃபைல்களாக இருப்பதால் தப்பிக்கும். ஆனா, அந்த நேரத்துல வர்ற புது மெயில்கள், 'அப்படி யாரும் இல்லை'னு அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடலாம். அதுல ஒரு பெரிய ஆர்டரும் இருக்கலாம்!

கைகொடுக்கும் 4 பழக்கங்கள்

1. முதலில் செலக்ட்: மாற்றுவதற்கு முன், அதே நிபந்தனையோடு 'செலக்ட்' போட்டுப் பாருங்கள். ஒரு வரிசை வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், அங்கேயே நிறுத்திடலாம்.

2. பிகின்... ரோல்பேக்: 'பிகின்' என்று ஆரம்பித்தால், 'கமிட்' சொல்லும்வரை எதுவும் நிரந்தரம் இல்லை. தப்புன்னா 'ரோல்பேக்' போதும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் 'இன்னோடிபி' வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 'மைஐசாம்' வகையில் இது எடுபடாது.

3. 'நான் ஒரு மக்கு': சிரிக்காதீங்க, மைஎஸ்க்யூஎல்லில் நிஜமாகவே 'ஐ-ஆம்-எ-டம்மி' என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. 'சேஃப்-அப்டேட்ஸ்' என்பது அதன் கௌரவமான பெயர். வேரும் லிமிட்டும் இல்லாத அப்டேட், டெலிட்டை இது தடுத்துவிடும்.

4. பழசு, புதுசு: 2025 செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரெஸ் 18-ல், 'ரிட்டர்னிங்' உடன் 'ஓல்டு', 'நியூ' சேர்த்தால், மாற்றத்துக்கு முன் இருந்த மதிப்பும் பின் வந்த மதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பிகினுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு கமிட் கொடுங்கள்.

பேக்கப் இருக்கு... ஆனா இருக்கா?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி-யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.

பேக்கப்பைத் தேடினால், வெர்ஷன் பொருந்தாமல் அது ஓடவே இல்லை. 'பேக்கப் தோல்வி' என்ற எச்சரிக்கை மெயிலில்தான் அனுப்பப்பட்டது. முறையான கையொப்பம் இல்லாததால் அந்த மெயில்களை சர்வர் நிராகரித்துவிட்டது! வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல்கள் போனது போனதுதான்.

அதனால, பேக்கப் எடுக்குறோமான்னு மட்டும் கேட்காதீங்க. மாசம் ஒரு தடவையாவது அதை வேறொரு கம்ப்யூட்டர்ல ஏத்தி, திறக்குதான்னு பாருங்க. அடுத்த முறை 'அப்டேட்'னு டைப் பண்ணும்போது, என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நொடி... வேர் இருக்கா?