முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன்: பயம் எதற்கு, கவனம் எதற்கு?

காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தபோது புலனத்தில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. பந்திங்கில் இருந்து ஒரு நேயர்.

"தங்கச்சி, என் மகளுக்கு 16 வயசு. பள்ளியில வலைப்பந்து ஆடுறா. முகம் கறுத்துப் போகுதுன்னு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுத்தேன். இப்போ குடும்பக் குழுவுல ஒரு வீடியோ வந்திருக்கு. அது ரத்தத்துல கலந்து ஹார்மோனைக் கெடுத்துடுமாம். பயந்து போய் குப்பையில போட்டுட்டேன். நான் செஞ்சது சரிதானே?"

உடனே பதில் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, வெயிலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்று வந்த ஒரு குறிப்பை யோசிக்காமல் நிகழ்ச்சியில் படித்தவள் நான். தேங்காய் எண்ணெய் சருமத்தை ஈரப்பதமாக வைக்கும். ஆனால் நண்பகல் வெயிலுக்கு அது நம்பத்தகுந்த பாதுகாப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

வெயிலில் இருப்பது என்ன?

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. யூவிபி மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். யூவிஏ இன்னும் ஆழமாகப் போய்ச் சுருக்கத்தையும் கருந்திட்டுகளையும் உண்டாக்கும். சன்னல் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வரும். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். சிங்கப்பூரில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது சாதாரணம். உலக அளவுகோலில் அது 'அதிதீவிரம்' என்ற கடைசிப் படி.

'கெமிக்கல்' என்றால் கெட்டதா?

சன்ஸ்கிரீனில் வேலை செய்யும் பொருட்களை இரண்டாகப் பிரிப்பார்கள். சிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் 'மினரல்' வகை. ஆக்ஸிபென்சோன், அவோபென்சோன், ஆக்டோகிரிலீன் போன்றவை 'கெமிக்கல்' வகை. உண்மையில் சிங்க் ஆக்சைடும் ஒரு ரசாயனம்தான். 'மினரல்' கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது, 'கெமிக்கல்' உறிஞ்சுகிறது என்று பலரும் சொல்வதும் முழு உண்மை இல்லை. இரண்டுமே பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கின்றன.

அவோபென்சோன் யூவிஏவை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயிலில் தானே சிதைந்து போகும் குணம் அதற்கு உண்டு. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஆக்டோகிரிலீன் போன்ற இன்னொன்றைச் சேர்க்கிறார்கள். ஆகவே ஒரு பொருளின் பெயரை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

ரத்தத்தில் கலக்கிறதா?

கலக்கிறது. வீடியோ சொன்னதில் இந்தப் பாதி உண்மை. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 24 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. உடலின் 75 விழுக்காட்டுப் பகுதியில், ஒரு நாளைக்கு நான்கு முறை, நான்கு நாள் பூசினார்கள். சோதித்த நான்கு 'கெமிக்கல்' பொருட்களும் ரத்தத்தில் காணப்பட்டன. மற்றவற்றைவிட ஆக்ஸிபென்சோன் மிக அதிகமாக இருந்தது.

வீடியோ சொல்லாத பாதி இது. அவர்கள் வைத்திருந்த எல்லை, 'இதைத் தாண்டினால் ஆபத்து' என்ற எல்லை இல்லை. 'இதைத் தாண்டினால் மேலும் பாதுகாப்புச் சோதனை வேண்டும்' என்ற எல்லை. சன்ஸ்கிரீன் பூசுவதை நிறுத்தாதீர்கள் என்றும் அதே ஆய்வில் சொன்னார்கள்.

ஹார்மோன் பயம் எங்கிருந்து வந்தது? எலிகளுக்கு உணவில் ஆக்ஸிபென்சோனை மிக அதிகமாகக் கலந்து கொடுத்த சோதனைகளில் இருந்து. முகத்தில் இரண்டு விரல் அளவு பூசுவதும் அதுவும் ஒன்றாகாது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் இதை அலட்சியம் செய்யவில்லை. 2022-இல் ஆக்ஸிபென்சோன் அளவை முகத்துக்கான கிரீம்களில் 6 விழுக்காடு, உடல் முழுவதும் பூசுவதில் 2.2 விழுக்காடு என்று வரையறுத்தது. முகம் சிறிய பரப்பு என்பதால்தான் இந்த வேறுபாடு.

ஹவாயில் 2021-இல் நடப்புக்கு வந்த தடையையும் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது பவளப் பாறைகளைக் காப்பதற்காகப் போட்ட தடை.

பலன் இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்ற ஊர். 1992-இல் அங்கு 1,621 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பிரிவினர் தினமும் பூசினார்கள், மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி விட்டுவிட்டார்கள். தினமும் பூசியவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்றுக் கட்டிகள் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தன. தோல் முதுமையும் 24 விழுக்காடு குறைவு. அவர்கள் பூசியது 'கெமிக்கல்' வகைதான்.

அங்கு இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம் மாநிறத் தோலில் அந்தப் புற்று மிகவும் குறைவு. நமக்கு வெயில் வைக்கும் சிக்கல் வேறு: கன்னத்தில் மங்கு, பரு போன இடத்தில் மறையாத கரும்புள்ளி. இவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கூட்டும். அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் போதிய அளவு தடுப்பதில்லை. தோல் நிறத்துக்கு ஏற்ற நிறம் கலந்த சன்ஸ்கிரீன்களில் உள்ள இரும்பு ஆக்சைடுதான் தடுக்கும். முகத்தில் வெள்ளையாகப் படிகிறது என்ற நம் வீட்டுப் புகாருக்கும் அதுவே தீர்வு.

எண்ணை மட்டும் நம்பலாமா?

எஸ்பிஎஃப் 30 யூவிபியில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் 98. வேறுபாடு சிறியது. ஆனால் இந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசி அளந்தது. நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் சரியான அளவு. அப்படிப் பூசினால் 50 மில்லிலிட்டர் குழாய் ஒரு மாதத்துக்குத்தான் வரும். உங்கள் குழாய் ஆறு மாதமாகத் தீரவில்லை என்றால் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

லேபிளும் சில நேரம் பொய் சொல்லும். 2025-இல் ஆஸ்திரேலியாவின் பயனீட்டாளர் அமைப்பான 'சாய்ஸ்' 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16 தயாரிப்புகள் சொன்ன அளவை எட்டவில்லை. 50+ என்று அச்சிட்ட ஒன்று வெறும் 4. அது சிங்க் கலந்த முகப்பூச்சு. 'மினரல்' என்ற சொல் மட்டும் உத்தரவாதம் ஆகாது.

அசல் ஆபத்து வேறிடத்தில்

தேடிப் பார்த்ததில் எனக்கு அதிகமாகப் பயம் தந்தது ஆக்ஸிபென்சோன் இல்லை. பாசார் மாலாமிலும் இணையத்திலும் 'வெயிலையும் தடுக்கும், ஏழு நாளில் வெள்ளையும் ஆக்கும்' என்று விற்கும் பெயர் தெரியாத கிரீம்கள்தான். நம் நாட்டின் என்பிஆர்ஏ, பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் கலந்த அழகுப் பொருட்களைக் கண்டுபிடித்து ரத்து செய்து, அந்தப் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் உள்ள குழந்தையையும் பாதிக்கும். அதைப் பற்றி நம் குடும்பக் குழுக்களில் எத்தனை வீடியோ வருகிறது?

வாங்கும் முன்

• எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். யூவிஏ பாதுகாப்புக்கு 'பிஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி.

• பொருளின் பெயரை என்பிஆர்ஏ இணையத்தளத்தில் தேடுங்கள். 'என்ஓடி' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் எச்எஸ்ஏ.

• ஆக்ஸிபென்சோன் வேண்டாம் என்றால் லேபிளில் 'பென்சோபீனோன்-3' என்ற பெயரையும் தேடுங்கள். இரண்டும் ஒன்றுதான்.

• கர்ப்பிணிகள், எளிதில் எரிச்சல் வரும் தோல் உள்ளவர்கள் சிங்க் ஆக்சைடு வகையைத் தேர்வு செய்யலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் துணியும் போதும்.

• ஸ்பிரே வகையை முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள், மூச்சில் போகும்.

• வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்த பிறகும் மீண்டும் பூசுங்கள்.

பந்திங் அக்காவுக்கு இவ்வளவையும் சொன்னேன். "அப்போ நான் குப்பையில போட்டது 60 ரிங்கிட்" என்று சிரித்தார். மறுநாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். மகளுக்கு வாங்கிய புதுக் குழாய், பக்கத்தில் ஒரு தொப்பி. கீழே ஒரு வரி: "நம்பரைத் தேடிப் பார்த்துட்டேன், இருக்கு. வீடியோ அனுப்பின என் நாத்தனாருக்கும் அனுப்பிட்டேன்."